கட்டில் பக்கத்தில் ஓர் ஆள்

வெலிமடையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இப்போது யாரும் லயத்துக் காம்பராவில் பிள்ளை பெறுவதில்லை. என் அம்மா பெற்றாள். ஐந்து பிள்ளைகளையும் பண்டாரவளைப் பாதைக்கு மேலேயிருக்கும் ஒரு தோட்டத்தில், சாக்கு விரித்த தரையில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் பெற்றாள். பிரசவம் பார்த்தது கடைசிக் காம்பராப் பாட்டி. பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. பிரசவத்துக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுமில்லை. ஆனால் வலி தொடங்கியதிலிருந்து நஞ்சுக்கொடி விழும்வரை பாட்டியின் கை தன் இடுப்பை விட்டு எடுபடவேயில்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்தில் இரண்டு ஒரு வயதைத் தாண்டவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வாள்.

நான் தாதியாகி, ஊவாவின் சில ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையிலும் தாய்மார் விடுதியிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பாட்டி காலத்தைப் புகழ்ந்து எழுத எனக்கு மனமில்லை. கிருமியிலும் இரத்தப்போக்கிலும் போன பெண்களுக்குத் தோட்டத்தில் யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் சவர்க்காரம் உள்ளே வந்தபோது பாட்டியின் கை ஏன் வெளியே போக வேண்டியிருந்தது? இந்தக் கேள்வி உத்தியோக காலம் முழுக்க என்னை உறுத்தியது. இரண்டும் ஒரே அறையில் இருக்கலாம். இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேரியா ஊரையே வாரிக்கொண்டு போன 1934, 35ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. இது ஒரே நாளில் நடக்கவில்லை. கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879இலேயே திறந்தாயிற்று. ஆனால் ஊருக்குள் மாற்றம் வந்தது 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதற்குப் பிறகுதான். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மருத்துவ மாது என்று பிரித்து, அவர்கள் குடையும் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இலவச ஆஸ்பத்திரியும் இரத்த வங்கியும் கிருமிக்கு ஊசி மருந்தும் பின்னால் வந்தன. உலகம் இன்றும் இலங்கையை உதாரணம் காட்டுகிற விஷயம் இது. நாங்கள்தான் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

தோட்டம் இந்தக் கதையில் பிந்தித்தான் சேர்ந்தது. தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இலேயே சட்டம் இருந்தது. 1939இல் பேறுகாலச் சலுகைச் சட்டம் வந்தது. தோட்டம் பிரசவ அறையும் மருத்துவிச்சியும் சாப்பாடும் கொடுத்தால், தாய்க்குக் கொடுக்க வேண்டிய காசில் ஒரு பகுதிக்கு அதை ஈடாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அந்தச் சட்டம் இடம் விட்டது. காகிதத்தில் இருந்த பிரசவ அறை எல்லா மலைக்கும் வரவில்லை. 1948இல் குடியுரிமையையும் இழந்த சனம் அரசாங்க ஆஸ்பத்திரியைத் தன்னுடையதாக நினைக்கவும் காலம் பிடித்தது. என் சின்ன வயதில் வலி முற்றிய பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். லொறி தொழிற்சாலைக்குப் போயிருந்தால் அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் பேறுகால லீவுதான் என்றிருந்த பாகுபாட்டையும் 2018இன் திருத்தச் சட்டம் நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கியது.

ஆகப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். வெலிமடை ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். சிக்கல் என்றால் தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்பப்படுகிறாள். வந்த பிறகு அவளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் நாங்கள் குறைவாகப் பேசுகிறோம்.

கிளினிக் அட்டை, இரண்டு உடுப்பு, பிள்ளையைச் சுற்றப் பழைய வெள்ளைத் துணி, பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணி. இவற்றோடு மாமியாரும் மருமகளும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்குவார்கள். விடுதி வாசலில் மாமியார் நின்றுவிட வேண்டும். பிளாஸ்கும் அவளோடு நின்றுவிடும். உள்ளே போகிற பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது வயது. பின்பக்கம் முடிச்சுப் போடுகிற கவுனை வாழ்க்கையில் முதன்முதலாகப் போடுகிறாள். முடிச்சு எட்டாது. கழுத்தில் காதில் இருப்பதையெல்லாம் கழற்று என்று ஒரு குரல் சொல்லும். தாலியையும் சேர்த்துத்தான். சத்திரசிகிச்சைக்குப் போகிறவளுக்கு நகை கழற்றுவது அவசியம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உயிருக்குப் போராடப் போகிறோம் என்று பயந்து நிற்கும் ஒரு பிள்ளையிடம், ஏன் எதற்கு என்று சொல்லாமல் “தாலியைக் கழற்று” என்றால் அவள் மனசில் என்ன ஓடும்? அதைத் துணியால் மூடிப் பிளாஸ்டர் ஒட்டலாம். முடியாத இடத்தில், “அத்தைகிட்ட குடுத்து வைக்கிறேன், பிள்ளை பொறந்த கையோட நானே வாங்கித் தாறேன்” என்று சொல்லலாம். அரை நிமிசம்கூடப் போகாது. அந்த அரை நிமிசத்தைச் செலவழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், செலவழிக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மொழி அடுத்த மதில். எங்கள் மாவட்டத்தில் பிரசவ அறைத் தாதியரில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். தோட்டத்துப் பெண்ணுக்குக் கடைச் சிங்களம் தெரியும். மிளகாய் விலை கேட்பாள், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்வாள். ஆனால் வலி உச்சத்தில் இருக்கிறபோது அந்தச் சிங்களம் அவளுக்கு உதவிக்கு வராது. அந்த நேரத்தில் யாருக்கும் தாய்மொழி மட்டும்தான் மிஞ்சும். பிரசவத்தில் ஒரு கட்டம் உண்டு: கருப்பை வாய் முழுசாகத் திறக்காமலே முக்க வேண்டும் போலிருக்கும். அப்போது முக்கக் கூடாது. சற்று நேரத்தில் முக்கியே ஆக வேண்டும். “இப்ப முக்காதீங்க”, “இப்ப முக்குங்க” என்ற இரண்டும் அவளுக்குப் புரியாவிட்டால் கிழிசல், வீண் களைப்பு, பிள்ளைக்கு மூச்சுத் திணறல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். அதனால் தமிழில் சொல்வதை நான் மரியாதைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதில்லை. அது மருந்துச் சீட்டைச் சரியாக எழுதுவதைப் போல வைத்தியத்தின் ஒரு பகுதி.

சீடீஜீ என்று ஓர் இயந்திரம் இருக்கிறது. வயிற்றில் இரண்டு பட்டியைக் கட்டினால் பிள்ளையின் இதயத் துடிப்பையும் வலி வருவதையும் காகிதத்தில் கோடாக எழுதிக்கொண்டே போகும். முதல் பிள்ளைக்காரி ஒருத்தி அதைக் கட்டிவிட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு மரக்கட்டையாகக் கிடந்தாள். அசையாமலிருக்கத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் சத்தத்தைக் கூட்டி வைத்து, “கேக்குதா? ஒன் பிள்ளையோட நெஞ்சு அடிக்கிற சத்தம். மூச்சை விடு, அதுக்கும் காத்து வேணும்ல?” என்றேன். அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகுதான் தோள் தளர்ந்தது.

தமிழ் தெரியாதவர்களால் முடியாது என்று நினைக்க வேண்டாம். என்னோடு வேலை செய்த ஒரு சிங்களத் தாதி, கொப்பி ஒன்றில் இருபது தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள். இடது பக்கம் திரும்புங்க. மூச்சை மெதுவா விடுங்க. உள்ள கை வச்சுப் பார்க்கப் போறேன், கொஞ்சம் சங்கடமா இருக்கும். பிள்ளை நல்லா இருக்கு. பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். அந்தத் தாளை மருந்து அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டாள். புதிதாக வருகிறவர்களும் பார்த்துப் படித்தார்கள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு வலிக்கு நடுவிலும் சிரித்த பெண்கள் உண்டு. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்களுக்கு இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சியும் கட்டாயம். நல்லதுதான். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற தமிழ் கடிதத்துக்குப் பதில் எழுத உதவும். கட்டிலருகே நின்று பேச உதவியது அலுமாரிக் கதவில் இருந்த அந்த இருபது வாக்கியம்தான்.

தோட்டத்துப் பெண்ணிடம் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவள் சத்தம் போட மாட்டாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்தே வாய் திறக்காமல் நிற்கப் பழக்கப்பட்டவள். வலியில் வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். நல்ல பொம்பளை சத்தமில்லாமல் பெறுவாள் என்று அம்மாவும் அத்தையும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். பரபரப்பான இரவில், பத்துக் கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கிறபோது, சத்தம் வருகிற கட்டிலுக்குத்தான் கால் போகும். சத்தம் போடுகிறவளுக்குத் திட்டு விழும், போடாதவளை மறந்துவிடுவார்கள். அமைதியாகப் படுத்திருந்தவளின் போர்வையை விலக்கினால் தலை தெரிகிற நிலைமை வந்திருக்கும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான்: சத்தம் வராத கட்டிலை முதலில் போய்ப் பார்.

திட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. இது ஒரு கட்டிடத்தின் வியாதியல்ல. “பெத்துக்க ஆசைப்படும்போது தெரியலையா?” என்கிற கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்டிருக்கிறேன். தொடையில் அடிப்பதையும் கண்டிருக்கிறேன். அடித்தால்தான் ஒழுங்காக முக்குவாள் என்பது ஒரு தலைமுறைத் தாதியரும் மருத்துவ மாதரும் மனதார நம்பிய சித்தாந்தம். திட்டு வாங்கியவர்கள் தோட்டத்துப் பெண்கள் மட்டுமல்ல. மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் சிங்களக் கிராமத்துப் பெண்ணுக்கும் அதே பேச்சுத்தான். ஏழை, இளசு, படிக்காதவள் என்ற மூன்றும் சேர்ந்துவிட்டால் மொழி எதுவானாலும் குரல் உயரும். ரீச்சருக்கோ வங்கி உத்தியோகத்தர் பெண்சாதிக்கோ அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆகவே களைப்பினால் வந்த கோபம் என்று முழுசாகச் சமாதானம் சொல்லவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் பிரசவ அறை அவமதிப்பையும் வன்முறையையும் ஒழிக்க வேண்டும் என்று தனி அறிக்கையே விட்டது. வெனிசுவேலா 2007இலேயே அதைச் சட்டத்தில் குற்றமாக எழுதிவிட்டது. பிரச்சினை நம் மலையில் மட்டும் முளைத்ததில்லை.

பயமுறுத்தினால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை உடம்பியலுக்கே எதிரானது. கருப்பையைச் சுருங்க வைப்பது ஒக்சிடோசின் என்ற சுரப்பு. பயந்தவள் உடம்பில் அட்ரினலின் ஏறும். அது ஓடு, தப்பு என்று கைகாலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடும். கருப்பையின் சுருக்கம் தளரும், பிரசவம் இழுபடும். இழுபட்டால் வலியூட்டும் மருந்தேற்ற வேண்டும், அது வலியைக் கூட்டும், பயம் இன்னும் ஏறும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டொக்டர் 1930களிலேயே பயம், இறுக்கம், வலி மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று எழுதினார். பாட்டிக்கு அவர் பெயர் தெரியாது. இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கதை சொல்லத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவப் பராமரிப்புக்குப் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. நாங்கள் படித்த காலத்துப் பாடங்கள் பல அதில் கவிழ்ந்துபோயின. உரோமம் மழிப்பது, குடலைக் கழுவுவது எல்லாருக்கும் தேவையில்லை. பட்டினி போட வேண்டாம். சிக்கலில்லாத பெண் தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம். மல்லாக்கப் படுத்தேதான் இருக்க வேண்டும் என்றில்லை, நடக்கலாம், உட்காரலாம், விரும்பிய பக்கம் சாயலாம். பிறப்பு வாசலை எல்லாருக்கும் வெட்டத் தேவையில்லை. வயிற்றின் மேல் ஏறி அமுக்கிப் பிள்ளையைத் தள்ளக் கூடாது. கருப்பை வாய் ஐந்து சென்ரிமீற்றர் திறந்த பிறகுதான் வேகமான கட்டம் தொடங்குகிறது. அதற்குப் பிறகும் முதல் பிள்ளைக்காரிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை போகலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். “இன்னும் நாலு சென்ரிமீற்றர்தானா, சோம்பேறி” என்று கேலிபட்ட எத்தனை பெண்கள் உண்மையில் முறைப்படிதான் போய்க்கொண்டிருந்தார்கள்! அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இவ்வளவு திறந்திருக்கு, இன்னும் இவ்வளவு நேரம் போகும், அது வழமைதான். நேரம் தெரிந்த வலியைத் தாங்கலாம்.

இனித் துணை என்ற விஷயத்துக்கு வருகிறேன். வலி நேரம் முழுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை 17 நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். துணை இருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை குறைந்தது, வலி மருந்து குறைந்தது, பிரசவ நேரம் முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்டக் குறைந்தது, பிறந்த பிள்ளையின் நிலைமையும் மேலாயிருந்தது. இவ்வளவு பலன் தருகிற ஒரு மாத்திரை இருந்தால் அமைச்சு அதை லொறிக் கணக்கில் வாங்கியிருக்கும். இந்தியாவில் தமிழ்நாடு 2000களிலேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் துணையை அனுமதித்தது; 2016இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் சொன்னது. எங்கள் சுகாதார அமைச்சும் பெண் துணைக்கு அனுமதி தருகிறது. நடைமுறை மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, சில வேளை ஷிப்டுக்கு ஷிப்டு மாறும்.

மறுப்புக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் இடம். ஓர் அறையில் நாலு கட்டில், நடுவில் மறைப்பில்லை, ஒருத்தியின் துணை இன்னொருத்தியைப் பார்க்க வேண்டி வரும் என்பார்கள். சரியான கவலைதான். ஆனால் அதற்கு மருந்து திரைச்சீலை. திரை இல்லாமல் நாலு பெண்களை ஒருவர் முன் ஒருவர் துணி விலக்கிப் படுக்க வைப்பதே முதலில் தவறு. துணை வந்தாலும் வராவிட்டாலும் திரை வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் ஊரவர்கள் சேர்ந்து துணி வாங்கிக் கொடுத்து, ஒரு கிழமையில் கம்பி அடித்து மாட்டியதைப் பார்த்தேன். ஸ்கேன் மெசின் அன்பளிப்புச் செய்தால் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். திரைக்கு யாரும் படம் எடுக்க வரவில்லை.

எங்கள் பக்கத்தில் துணை என்றால் மொழிபெயர்ப்பும் கிடைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. சிங்களம் சரளமாகப் பேசும் ஒரு நாத்தனாரோ சித்தியோ கூட இருந்தால் தாதிக்கும் வேலை பாதி. துணையென்று வருகிறவள் கைகால் நடுங்காத ஆளாயிருக்க வேண்டும் என்பது மட்டும் என் அனுபவம். “ஐயோ என் தங்கமே” என்று பெண்ணை முந்திக்கொண்டு அழும் அம்மாமாரை வெளியே உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுப்பதே நல்லது.

பிள்ளை பிறந்ததும் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு, கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிசமாவது பொறுத்து, முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்க வைப்பது எங்கள் நாட்டில் நன்றாகவே நடக்கிறது. ஆறு மாதத்துக்குள்ளான பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள் என்று 2016 ஆய்வு சொன்னது. அந்தப் பெருமையில் ஒரு பெரிய பங்கு வீடு தேடிப் போகும் மருத்துவ மாதருக்கு.

எல்லாப் பிரசவமும் அழுகைச் சத்தத்தோடு முடிவதில்லை. வயிற்றிலேயே இறந்த பிள்ளையைப் பெறுகிற பெண்ணும் அதே வலியைத்தான் படுகிறாள். முன்பெல்லாம் பிறந்ததும் துணியில் சுற்றி அவள் கண்ணில் படாமல் எடுத்துப் போய்விடுவோம். பார்த்தால் தாங்க மாட்டாள் என்பது நல்லெண்ணம்தான். பிறகு அவளைக் கொண்டுபோய்ப் போடுவதும் தாய்மார் விடுதியில், இரண்டு பக்கமும் பிள்ளை அணைத்துப் படுத்திருப்பவர்களுக்கு நடுவில். ஓர் இரவில் அப்படிப் பெற்ற ஒரு பெண், கொழுந்து எடுக்கிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டு “நர்ஸம்மா, ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங்க” என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளையைத் துடைத்து, அவள் கொண்டுவந்த வெள்ளைத் துணியிலேயே சுற்றி, “பார்க்கிறியா? வேணாம்னாலும் பரவால்ல” என்று கேட்டேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை எண்ணினாள். புருசனையும் உள்ளே விடச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டோம், விட்டார். அவள் அலறவில்லை. பெயர் வைத்தாள்.

விருப்பம் கேட்டு நடப்பது முக்கியம். பார்க்க விரும்பாதவளை வற்புறுத்தக் கூடாது. இன்னொன்றையும் அவளிடம் சொல்லியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்: பிள்ளை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாளை ஒட்டிப் பால் கட்டும். இது தெரியாமல் லயத்தில் தனியே இருக்கிறபோது மார்பு கனத்து, சட்டை நனைந்தால் அந்தப் பெண் நொறுங்கிப் போவாள். மார்பைத் தாங்குகிற உடுப்பு, குளிர்ந்த துணி ஒத்தடம், அடிக்கடி கறக்காமலிருப்பது, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி, பால் வற்ற மாத்திரை தேவையா என்று டொக்டரிடம் கேட்பது. இவ்வளவும் ஐந்து நிமிசப் பேச்சு. பிரசவ அறையில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழையும்விட இந்த ஐந்து நிமிசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தாதியரின் பக்கமும் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்த காலோடு பகலுக்கும் நின்றவர்கள் நாங்கள். 2022இன் நெருக்கடியில் மருந்துக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு வந்தது; பஸ் ஓடாத நாளில் கிடைத்த வண்டியில் தொங்கி வந்து வேலை பார்த்தார்கள்; பலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது பேச்சுத்தான். ஊசியைத் தள்ளிப்போட முடியாது, இரத்தப்போக்கைத் தள்ளிப்போட முடியாது, கையைப் பிடித்து நிற்பதைத் தள்ளிப்போடலாம் என்று தோன்றும். அதனால்தான் கனிவை ஆளின் குணத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். பரிசோதிக்குமுன் கேட்பது, முடிந்ததும் சொல்வது, மூடிவிடுவது, ஷிப்ட் மாறும்போது “இவங்கதான் இனி உங்களோட இருப்பாங்க” என்று அறிமுகம் செய்வது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்து, பிரஷர் எழுதுவதைப் போலச் சரிபார்க்கக்கூடிய வேலைகள். நல்ல மனசுள்ளவள் ஷிப்டில் வந்தால் பெண்ணுக்கு அதிர்ஷ்டம், வராவிட்டால் தலையெழுத்து என்பது ஒரு சேவையா?

தமிழ் பேசும் தாதியர் ஏன் குறைவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் கசப்பானது. தாதிப் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்திருக்க வேண்டும். தோட்டப்புறப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பிரிவு இருப்பது சொற்பம். இருந்தாலும் இரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் ஆசிரியர் வந்து நிலைப்பதில்லை. பதுளையில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலுக்குப் போகிற பாதை பதினோராம் வகுப்பிலேயே அடைபட்டுவிடுகிறது. சங்கங்களும் அமைச்சர்மாரும் மலையகத்துக்கென்று கேட்கிற பட்டியலில் பாதையும் வீடும் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வலயத்திலும் தமிழ் மொழி மூலம் ஒழுங்காக நடக்கும் ஒரு விஞ்ஞானப் பிரிவை அதே பட்டியலில் மேலே போடச் சொல்லுங்கள். பத்து வருசத்தில் பிரசவ அறையின் முகமே மாறும்.

அதுவரைக்கும் கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழாம் மாதத்திலேயே யார் கூடப் போவது என்று முடிவு செய்யுங்கள். சிங்களம் தெரிந்த, பயப்படாத பெண்ணாகப் பாருங்கள். கிளினிக் நாளில் மருத்துவ மாதுவிடம், பிரசவ நேரம் துணை இருக்கலாமா, என்ன கொண்டுவர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிரசவம் எப்படி நடக்கும் என்பதைப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சத்தம் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பாதீர்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தலையிடியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அம்புலன்ஸ் இலக்கம் 1990. அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.